தாய்மாமன் மடி

(திருச்செந்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலையில் கோயில் பக்கம் போயிருந்தேன். முடி இறக்கும் இடத்தில் ஒரு குழந்தை. ஒரு வயது இருக்கலாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். கிண்ணத் தண்ணீரைத் தலையில் தெளித்ததும் பிள்ளை வீரிட்டது. மாமன் ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கிலுகிலுப்பையை ஆட்டினார். மொட்டை போட்டு முடித்ததும் தலை முழுக்கச் சந்தனம். அவர் வேட்டியெல்லாம் முடி. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் பிறந்த எனக்கு இது ஆயிரம் முறை பார்த்த காட்சிதான். ஆனால் காலமெல்லாம் உயிர்வேதியியல் பாடம் நடத்திவிட்டு வந்து பார்க்கும்போது அந்த மடியில் வேறொன்றும் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சில வீடுகளில் அந்த மடி இருப்பதில்லை. “அவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது, பிறந்த ஆண்பிள்ளை ஒன்றும் தங்கவில்லை” என்பார்கள். பெரியப்பா மகனையோ சித்தி மகனையோ முறைக்கு உட்கார வைத்துக் காதுகுத்தை முடிப்பார்கள். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுப்பார்கள். பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைப்பார்கள். ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்துவார்கள். எமன் ஏமாந்து போகட்டும் என்று. அந்தப் பெயர்களை நம்மில் பலர் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பேச்சே எழாத ஒரு துக்கம் இருக்கிறது.

அந்தக் காலத்துச் சிசு மரணங்களில் மிகப்பெரும்பாலானவை பேதியாலும் அம்மையாலும் சளிக்காய்ச்சலாலும் நேர்ந்தவை. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பெண்பிள்ளைகள் பிழைத்து, ஆண்பிள்ளைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், அதுவும் தாய்வழியில் மட்டும் போனால், அங்கே வேறு கணக்கு ஒன்று நடக்கிறது.

நெதர்லாந்தில் பீட்டர் பார்த் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் அந்தக் கணக்கைப் பார்த்தார். ஒரு பெரிய டச்சுக் குடும்பம். தலைமுறை தலைமுறையாக ஆண் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். சிலருக்கு இதயம் வீங்கித் தளர்ந்துபோயிருந்தது. சிலர் கிருமித் தொற்றில் போனார்கள். தசைகளில் வலு இல்லை. இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. இதயம், தசை, வெள்ளை அணு ஆகிய மூன்றின் கோளாறும் தனித்தனி நோய் அல்ல, ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று 1983-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். இன்று அதற்குப் பெயர் பார்த் நோய். மூன்று லட்சம், நான்கு லட்சம் பிரசவத்துக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். அரிய நோய்தான். ஆனால் ஒரு வீட்டுக்குள் அது நுழைந்துவிட்டால் அந்த வீட்டுக்கு அது அரிது அல்ல.

இந்த நோயில் என்ன இல்லாமல் போகிறது? டஃபாசின் என்ற ஒரே ஒரு புரதம். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமின் நுனிக்கருகே இருக்கிறது. 1996-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, தங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லப்போகும் பெயர் அது என்று அவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஒரு புரதம் இல்லாவிட்டால் இதயம் ஏன் தளர வேண்டும்? இதற்கு நம் செல்லுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

மூச்சடக்குவதைப் பற்றி இந்தக் கரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. சங்குக்குளிப்பு அதற்குப் பிறகும் நடந்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவரின் நெஞ்சில் இருப்பது ஒரு மூச்சுக் காற்று. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன் எங்கே போய்ச் செலவாகிறது? ஏறக்குறைய முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவில். செல்லுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு உறுப்பு அது. பள்ளிப் புத்தகத்தில் இழைமணி என்று போட்டிருக்கும். இதயத் தசைச் செல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு லட்சம் தடவை சுருங்கி விரிகிற தசைக்கு அவ்வளவு எரிபொருள் வேண்டும்.

அந்த எரிபொருளின் பெயர் ஏ.டி.பி. அதை 1929-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து பாஸ்பரஸை அளக்க அவர் வகுத்த முறையை நானே ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். நீல நிறம் ஏறும் அந்தச் சோதனைக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஏ.டி.பி. எப்படி உண்டாகிறது என்பதற்கு நம் தாமிரபரணியே உதாரணம். பாபநாசத்தில் மேலே தண்ணீரைத் தேக்கி, கீழே விட்டு, உருளியைச் சுற்ற வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவும் அதையேதான் செய்கிறது. தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் அயனிகளை ஒரு சவ்வுக்கு அந்தப்பக்கம் தேக்குகிறது. அவை திரும்பி வரும் வழியில் ஒரு புரத உருளி சுழல்கிறது. நிஜமாகவே சுழல்கிறது. சுழன்று ஏ.டி.பி.யை வார்க்கிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1978-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதில் அணை எது? உள்சவ்வு. இரண்டு லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் உயரம் வரும். அவ்வளவு மெல்லிசு. அதன் இரு பக்கத்துக்கும் இடையே 150 மில்லிவோல்ட் அளவு அழுத்தம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சவ்வின் தடிமனை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் வருகிறது. நம் உப்பளங்களில் வரப்பு எங்காவது கசிந்தால் பாத்தி என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இது அதைவிடப் பல மடங்கு கண்டிப்பான வரப்பு.

இந்த உள்சவ்வு தட்டையாக இருப்பதில்லை. கொஞ்ச இடத்துக்குள் நிறையப் பரப்பு வேண்டும் என்பதால் மடிப்பு மடிப்பாக உள்ளே போகிறது. சேலைக் கொசுவம் மாதிரி. ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் அந்த உருளிகள் இரண்டிரண்டாக வரிசை கட்டி நிற்கின்றன. 1950-களின் தொடக்கத்தில் மின்னணு நுண்ணோக்கியில் இந்த மடிப்புகளைப் பார்த்த ஆய்வாளர்களுக்குக் கண் கலங்கியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. அவ்வளவு அழகு.

கொசுவம் நிற்க வேண்டுமானால் அதைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டுமல்லவா? இங்கேதான் நம் கதையின் முக்கியமான பாத்திரம் வருகிறது. கார்டியோலிப்பின். ஒரு கொழுப்பு. உள்சவ்வின் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுதான். சவ்வில் இருக்கும் மற்றக் கொழுப்புகளுக்கு ஒரு தலை, இரண்டு வால். கார்டியோலிப்பினுக்கோ ஒடுக்கமான தலை, நான்கு வால்கள். அதனால் அதன் வடிவம் ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்றிருக்கும். வட்டக் கிணறு கட்டுகிற கொத்தனாரிடம் கேளுங்கள். சதுரச் செங்கல்லை வைத்து வளைவு திருப்ப முடியாது, ஒரு முனை குறுகிய கல் வேண்டும் என்பார். சவ்வு எங்கே வளைய வேண்டுமோ அங்கே உட்காரும் கல் கார்டியோலிப்பின். புரத உருளிகளையும் மற்ற இயந்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பிடித்துவைப்பதும் அதுதான்.

இந்தக் கூட்டத்தில் இருக்கும் தாய்மார்களில் பெரும்பாலானோருக்கும் கார்டியோலிப்பினுக்கும் பழைய பழக்கம் உண்டு. நம்ப மாட்டீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்து வி.டி.ஆர்.எல். என்று ஒரு பரிசோதனை எழுதியிருப்பார்கள். கிரந்தி நோய் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக. அந்தப் பரிசோதனையின் மருந்தில் இருப்பது கார்டியோலிப்பின். 1942-இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த மேரி பாங்போர்ன் என்ற பெண்மணி மாட்டின் இதயத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். இதயத்திலிருந்து வந்ததால்தான் கார்டியோ என்ற பெயர். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு இரத்தச் சீரம், அதன்மேல் ஒரு சிறு சொட்டு மருந்து. நான்கு நிமிடம் சுழற்றிவிட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் தயிர் திரிந்த மாதிரிச் சிறு சிறு கட்டிகள் தெரியும். இல்லாவிட்டால் பூராவும் ஒரே சீராக, மெல்லிய தூசி பரவியதுபோல் இருக்கும். எத்தனை லட்சம் தாய்மார்களின் இரத்தம் இந்தக் கொழுப்பைத் தொட்டுச் சோதிக்கப்பட்டிருக்கிறது! அது நம் இதயத்தில் என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் வெகுகாலம் யாருக்கும் சரியாகத் தெரியாமலே இருந்தது.

இப்போது டஃபாசினுக்கு வருகிறேன். செல் புதிதாகச் செய்யும் கார்டியோலிப்பின் அரைகுறைச் சரக்கு. நான்கு வால்களும் கலப்படமாக இருக்கும். அதில் ஒரு வால் கழற்றப்பட்டதும், பக்கத்திலிருக்கும் வேறொரு கொழுப்பிடமிருந்து சரியான வாலை வாங்கி மாட்டுகிற தச்சன்தான் டஃபாசின். இப்படி மாற்றி மாற்றி, இதயத்தில் நான்கு வால்களும் லினோலியிக் அமிலமாக இருக்கும்படி திருத்திவிடுகிறது. டஃபாசின் இல்லாத பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது? வால் கழற்றப்படுகிறது. மாட்ட ஆள் இல்லை. மூன்று வாலோடு நிற்கும் கார்டியோலிப்பின்கள் குவிந்துகொண்டே போகின்றன. முழுமையானவை குறைந்துகொண்டே போகின்றன. வளைவுக்கு ஏற்ற கல் இல்லை. கொசுவம் நிற்பதில்லை. அந்தப் பிள்ளைகளின் இதயச் செல்லைப் பெரிதாக்கிப் பார்த்தால் மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கி, மடிப்புகள் குலைந்து, சில இடங்களில் உள்ளே வெறிச்சென்றும் இருக்கின்றன. கிணற்றின் உறை சரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இதைப் பாடமாக நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. லினோலியிக் அமிலம் எண்ணெயில் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் சரியாகாதா? நியாயமான கேள்வி. கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டும் நம் நல்லெண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவுக்கு அது இருக்கிறது. உடம்பால் அதைச் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குக் குறை எண்ணெயில் இல்லை. மரம் கொல்லையில் கிடக்கிறது, தச்சன் இல்லை. யாராவது எண்ணெயைக் குடிக்கச் சொல்லி, மாலிஷ் பண்ணச் சொல்லி இதைக் குணமாக்கலாம் என்றால் நம்பாதீர்கள்.

மரபணு கிடைத்து நான்கு ஆண்டு கழித்து, 2000-இல்தான், ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பார்த் நோயாளிகளின் செல்களில் கெட்டுப்போயிருப்பது கார்டியோலிப்பின் திருத்தம் என்று காட்டினார்கள். பிறகு ஈஸ்டில் அந்த மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். பழ ஈயில் பார்த்தார்கள். ஈ சரியாக ஏறமுடியாமல் தளர்ந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் விஷால் கோஹில் நடத்தும் ஆய்வகம் 2020-இல் இன்னொன்றைச் சொன்னது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியத்தை விடும் வாசல் நிலைத்து நிற்பதற்கும் கார்டியோலிப்பின் வேண்டும். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியத்தைத்தான் சைகையாக வைத்திருக்கிறது. இப்போது உழைப்பு அதிகம், எரிபொருளைக் கூட்டு என்று அந்தச் சைகை மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேராவிட்டால்? மடிப்பு குலைந்தது ஒரு நஷ்டம். சேதி போகாதது அதன்மேல் இன்னொரு நஷ்டம்.

இனி அந்தத் தாய்மாமன் மடிக்குத் திரும்புவோம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று சொந்தமாக ஒரு சிறு மரபணுத் தொகுதி உண்டு, அது தாயிடமிருந்து மட்டுமே வரும் என்று உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அதிலிருந்து உண்டாகும் புரதம் 13-தான். மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய மற்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்களும் வெளியிலிருந்து, செல்லின் உட்கருவிலுள்ள மரபணுக்களிலிருந்து வருகின்றன. டஃபாசின் அந்த வகை. எக்ஸ் குரோமோசோமில் இருப்பது.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ், அதுவும் தாய் தந்தது. பழுதான எக்ஸ் ஒன்றைச் சுமக்கும் தாய்க்குத் தன் உடம்பில் ஒன்றும் தெரியாது. அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைச் சுமந்துகொண்டு போக அதே வாய்ப்பு. சில குடும்பங்களில் இந்தப் பழுது புதிதாகவும் தோன்றுவதுண்டு. ஆனால் பழையதாக இருந்தால் அதன் சுவடு எங்கே கிடக்கும்? தாய்க்கு அந்த எக்ஸ் அவளுடைய அம்மாவிடமிருந்து வந்திருந்தால், அந்த அம்மாவின் மகன்களிடம். அதாவது குழந்தையின் தாய்மாமன்களிடம். குழந்தையைப் பார்க்கும் மருத்துவர், அப்பா வீட்டில் ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ‘இந்தப் பிள்ளையின் தாய்மாமன் யாராவது சிறு வயதில் இறந்தாரா? தாயைப் பெற்ற ஆச்சிக்கு ஆண் குழந்தைகள் வயிற்றிலேயே தவறியதுண்டா?’ என்று கேட்க வேண்டும். மடி காலியாக இருப்பதே துப்பு.

மலையேறப் போனாலும் மச்சினன் தயவு வேண்டும் என்கிறோம். முத்துக்குளிக்க இறங்குகிறவரின் கயிற்றை மேலே தோணியில் மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கை தாலியின் மீது அவனுக்கிருக்கும் அக்கறை வேறு யாருக்கும் இராது என்று கணக்கு. மரபியல் சொல்வதைப் பாருங்கள். இறந்துபோன தாய்மாமன்கூடத் தன் தங்கை பிள்ளைக்காக ஒரு கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் கதையை நாம் மறக்காமல் இருந்தால் அந்தப் பிள்ளையை மேலே இழுக்கலாம்.

நாம் என்ன செய்தோம்? அந்தத் தாயை ராசியில்லாதவள் என்றோம். என் சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தாள். இரண்டு ஆண் குழந்தைகளைப் பறிகொடுத்தவள். விசேஷ வீடுகளில் பின்வாசல் பக்கமே நிற்பாள். யாரும் அவளைப் போ என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. அந்தக் குழந்தைகளுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. அவள் பின்வாசலில் நின்றதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது மட்டும் தெரியும். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று சொல்லிக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்களையும் சேர்த்துத் திட்டுவார்கள். சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. எக்ஸ் வழி வரும் நோய்க்கு அது தேவையே இல்லை. முன்பின் தெரியாத ஊரில் பெண் எடுத்தாலும் வரும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஆண் குழந்தை பால் குடிக்கும்போதே களைத்து, மூச்சு வாங்கி, நெற்றி வியர்த்து, பாதியில் விட்டுவிடுகிறதா? எடை ஏறவில்லையா? வாய்ப்புண்ணும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? மாந்தம் என்றும் கணை என்றும் காலம் கடத்தாதீர்கள். இதயத்துக்கு எக்கோ எடுத்து, இரத்தத்தில் வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய மையங்களில் சிறுநீரில் ஒரு குறிப்பிட்ட அமிலத்தையும், காகிதத்தில் உலர்த்திய ஒரு சொட்டு இரத்தத்தில் மூன்று வால் கார்டியோலிப்பினுக்கும் முழுக் கார்டியோலிப்பினுக்கும் உள்ள விகிதத்தையும் பார்த்து, இந்த நோயா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியும். முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகளில் பலர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று இதயத்தைத் தாங்கும் மருந்துகளாலும், வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசியாலும், சிலருக்கு இதய மாற்றுச் சிகிச்சையாலும் பலர் வாலிபம் தாண்டியிருக்கிறார்கள்.

மருந்து பற்றியும் ஒரு செய்தி. ஹேசல் ஸெட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் பீட்டர் ஷில்லர் என்பவரும் வலிக்கான ஆராய்ச்சியில் இருந்தபோது உண்டாக்கிய சிறு பெப்டைடுகளில் ஒன்று, நான்கே அமினோ அமிலம் கொண்டது, நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்க் கார்டியோலிப்பினோடு ஒட்டிக்கொண்டது. எலாமிப்ரடைடு என்று பெயர். அது தச்சன் அல்ல, முட்டுக்கொடுக்கும் கழி. 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏற்க மறுத்தது. பெற்றோர்கள் விடவில்லை. 2000-ஆம் ஆண்டிலேயே சங்கமாகச் சேர்ந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக மருத்துவர்களைத் தேடிப் போனவர்கள் அவர்கள். 2025 செப்டம்பரில் விரைவு முறையில் அனுமதி கிடைத்தது. ஆனால் எடை 30 கிலோவாவது இருக்க வேண்டும். மடியில் வைத்துக் காது குத்தும் வயதுப் பிள்ளைக்கு அந்த அனுமதி இன்னும் எட்டவில்லை. எட்ட வேண்டும்.

கடைசியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. உலகம் முழுக்க மரபியல் மருத்துவர்கள் இப்படித்தான் குடும்பத்தை வரைகிறார்கள். உங்கள் அம்மாவைப் பெற்ற ஆச்சியிடம் போய் உட்காருங்கள். ‘ஆச்சி, உனக்கு எத்தனை பிள்ளைகள்’ என்று கேட்டால் இருப்பவர்களைத்தான் எண்ணுவாள். தங்காமல் போனதையும் சேர்த்துச் சொல்லு ஆச்சி என்று கேளுங்கள்.

நான் கேட்டபோது எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். என் ஆச்சிக்குத் தொண்ணூறு நெருங்கியிருந்தது. ஐந்து பேர் என்றுதான் அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம். வெற்றிலையை இடிப்பதை நிறுத்திவிட்டு, விரலை மடக்கி மடக்கி ஏழு என்றாள். மூன்றாவதும் ஆறாவதும் ஆண். மூன்றாவது பெயர் வைக்குமுன்பே போய்விட்டதாம். ஆறாவதற்குச் செந்தில் என்று பெயர் வைத்து, மொட்டைக்கு நாள் குறித்து, சந்தனம்கூட வாங்கி வைத்திருந்தார்களாம்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு சதுரத்துக்கும் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.